ஆகஸ்ட் 15: பள்ளிப் பருவத்தில் உங்கள் மனத்தில் தங்கியது எது, ஏன்?

கேள்வி
எழுதியவர்: சிறுமலை அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். வரப்போகும் சுதந்திர தினத்தை எப்படிக் கொண்டாடலாம் என்று சென்ற கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர், “இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இருபது ஆண்டுகள் கழித்து இந்த நாளைப் பற்றி என்ன நினைவிருக்கும்?” என்று கேட்டார். கூட்டத்தில் எவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சில ஆண்டுகளாகவே எங்கள் பள்ளியில் கொடியேற்றுகிறோம், தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் பேசுகிறார்கள், இரண்டு மாணவர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்கள், மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். குறை சொல்லும்படி எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் பிள்ளைகள் தொடக்கம் முதல் முடிவு வரை வேடிக்கை பார்ப்பவர்களாகவே நிற்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நான் படித்த காலத்தில் ஆகஸ்ட் 14 மாலையே எங்களுக்கு விழா தொடங்கிவிடும். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஆசிரியர் கையால் சிறிது மயில்துத்தம் சேர்த்துப் பசை கிண்டுவதும், வண்ணத்தாளை முக்கோணமாக வெட்டிச் சணல் கயிற்றின் மேல் மடித்து ஒட்டுவதும் ஏழாம் வகுப்புக்காரர்களின் உரிமை. அந்த உரிமைக்காக ஆறாம் வகுப்பிலிருந்தே காத்திருப்போம். கொடியேற்ற வந்த பெரியவர்கள் யார் யார், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. காவித் தாள் தீர்ந்துபோன ஓர் ஆண்டில், வெள்ளைத் தாளின் மேல் மஞ்சள்தூளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி, அது நிறம் மாறிச் சிவந்து வருவதை நாங்கள் அனைவரும் சுற்றி நின்று பார்த்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு செய்திகளை இங்குள்ள பெரியவர்களிடமும் நண்பர்களிடமும் கேட்க விரும்புகிறேன். உங்கள் பள்ளி நாட்களின் ஆகஸ்ட் 15-இல் இன்றும் மறவாமல் இருப்பது எது, அது ஏன் தங்கியது என்று கருதுகிறீர்கள்? பொதுவான பெருமிதச் சொற்களைவிட, கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் எழுதினால் எங்கள் குழுவுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும். அடுத்து, கொடிக்குள் பூ வைத்து மடிப்பது தேசியக் கொடியை அவமதிப்பதாகும் என்று உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். இதில் விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

அன்பருக்கு வணக்கம். விதியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் கொடி விதித்தொகுப்பு, கொடியை எந்தப் பொருளையும் ஏந்தவோ சுமக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று பொதுவாகத் தடுத்துவிட்டு, சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் விரிப்பதற்கு முன்பு அதனுள் மலரிதழ்களை வைப்பதற்கு மட்டும் வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. ஆகவே உங்கள் உறுப்பினரின் அக்கறை மதிக்கத்தக்கது என்றாலும், பூ வைப்பதில் பிழையில்லை. காவி நிறம் மேலே இருக்க வேண்டும், கொடி தரையைத் தொடக் கூடாது, விறுவிறுப்பாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் அனைவரும் கொடியை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும் என்பவையே பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியவை.

இனி நினைவுக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் உடற்கல்வி ஆசிரியர், கொடி மடிக்கும் பொறுப்பை ஆண்டுதோறும் இரண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் வைத்திருந்தார். ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் பழைய துண்டு ஒன்றைக் கொடியாகப் பாவித்து மாலை நேரங்களில் பயிற்சி நடக்கும். இருவர் எதிரெதிரே நின்று துணியைத் தரையில் படாமல் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீளவாக்கில் இரண்டாகவும் பிறகு மறுபடி இரண்டாகவும் மடித்தால் பட்டையாக வரும். காற்றில் பறக்கும் முனையிலிருந்து தொடங்கிக் கயிறு கட்டும் ஓரத்தை நோக்கி விசிறி போல அடுக்கிக்கொண்டே வந்து, அந்த அடுக்குகளின் நடுவில் இதழ்களை இட வேண்டும். பூ ஈரமாக இருந்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு விழாது என்பதால், முதல் நாள் மாலையே உதிரி ரோஜாவை வாங்கிச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் வைத்திருப்போம். கைப்பிடி அளவுக்கு மேல் வைத்தால் பொதி கனத்து முடிச்சு இறுகிவிடும்.

முடிச்சுதான் இதன் உயிர். கொடிக்கயிற்றின் கீழ்ப்பகுதியை ஒரு வளையமாக்கிப் பொதியைச் சுற்றிக் கொண்டுவந்து, அதற்குள் இன்னொரு வளையத்தை மட்டும் செருகி விடுவது உருவாஞ்சுருக்கு. நுனியை வெளியே இழுத்துவிட்டால் அது சாதாரண முடிச்சாகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஆசிரியர்களைத் திரும்பிப் பார்க்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்த நிலை வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு நானும் என் தோழனும் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகினோம். விழா நாளில் ஒரே இழுப்பில் சுருக்கு உருவி, பொதி மேலே குலுங்கி விரிந்து, இதழ்கள் தலைமையாசிரியரின் தோள்மீது உதிர்ந்தபோது, கூட்டம் கொடியைப் பார்த்தது. நாங்கள் இருவரும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது 1974-ஆம் ஆண்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாநிலங்களில் சுதந்திர தினத்தன்று முதலமைச்சர்கள் முதன்முறையாகக் கொடியேற்றியது அந்த ஆண்டில்தான். அதுவரை தலைநகரங்களில் ஆளுநர்களே ஏற்றிவந்தார்கள். தில்லியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் கொடியேற்றுகிறபோது மாநிலத்தில் முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது என்று மு. கருணாநிதி மத்திய அரசிடம் கேட்டுப் பெற்ற உரிமை அது. ஆகஸ்ட் 15-இல் முதலமைச்சரும் ஜனவரி 26-இல் ஆளுநரும் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து தொடர்கிறது. சென்னைக் கோட்டையில் கயிற்றைப் பிடிப்பவர் மாறியதை எங்கள் ஆசிரியர் எங்களுக்குச் செய்தித்தாளிலிருந்து படித்துக் காட்டினார். பிற்காலத்தில் நானே ஆசிரியரானபோது, கொடி மடிப்பதை நான் செய்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன், பெண் பிள்ளைகள் இருந்த பள்ளிகளில் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

உங்கள் பள்ளிக்கு என் பரிந்துரை இதுதான்: அணிவகுப்பு ஒத்திகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் கற்றுக்கொடுங்கள்.

பதில் 2
எழுதியவர்: புதுவைக்காரி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15 சற்றுக் குழப்பமான நாளாகவே அறிமுகமாகும் என்பதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேரும், வேண்டாம் என்று 8 பேரும் வாக்களிக்க, நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது 1962 ஆகஸ்ட் 16-இல். ஆகவே எங்களுக்கு முதல் நாள் சுதந்திர தினம், மறுநாள் சட்டப்பூர்வ இணைப்பு நாள், பிறகு நவம்பரில் விடுதலை நாள். ஆகஸ்ட் 15 அரவிந்தரின் பிறந்த நாளும் ஆகையால், அன்று ஆசிரமத்துக்கு வரும் கூட்டமும் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களை நிறைத்திருக்கும்.

என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 வந்துவிட்டால் பதக்கங்களை எலுமிச்சம்பழச் சாறு தொட்டுத் துலக்கி, கோட்டில் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். ஒரு மாதம் கழித்து ஆகஸ்ட் 15 காலையில் அதே கைகளால் என் வெள்ளைச் சீருடையில் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திவிடுவார். ஊசி முனை உடம்பில் படாமலிருக்கத் துணியின் மடிப்புக்குள் அதைத் திருப்பிவிடும் பக்குவம் அவருக்கு மட்டுமே கைவந்திருந்தது. இரண்டு நாடுகளின் நாட்களையும் ஒரே மரியாதையோடு கொண்டாடிய மனிதர் அவர். அதில் எந்த முரணும் இருப்பதாக எங்கள் வீட்டில் எவரும் எண்ணியதில்லை.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் கேட்ட ‘எது தங்கியது’ என்பதற்கு என் பதில் கீழூரோடு சேர்ந்தது என்பதே. எங்கள் வரலாற்று ஆசிரியை ஓர் ஆண்டு சுதந்திர தினத்துக்கு முந்தைய நாளில் பேச்சுப் போட்டி வைப்பதற்குப் பதிலாக வகுப்பையே கீழூர் வாக்கெடுப்பாக மாற்றினார். மேசைமேல் ஒரு பெட்டி வைத்து, ஒவ்வொருவரும் எழுந்து வந்து சீட்டுப் போட வேண்டும். 178-க்கு 8 என்ற கணக்கில் எங்கள் வகுப்புக்கு இரண்டு பேர் ‘வேண்டாம்’ என்று எழுத வேண்டியிருந்தது. எவரும் முன்வரவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக ஆசிரியை என்னை நிறுத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ அமைதியாக, அன்று அப்படி வாக்களித்தவர்களுக்கு என்னென்ன அச்சங்கள் இருந்திருக்கலாம் என்று வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் சொல்லும்படி என்னிடம் கூறினார். தாத்தாவிடம் கேட்டேன். ஓய்வூதியம் நின்றுவிடுமோ, வியட்நாமின் சைகோனில் இருக்கும் உறவினர்களைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ, பிள்ளைகள் படித்த பிரெஞ்சுப் படிப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடுமோ என்று தம் தெருவில் அந்நாளில் பேசிக்கொண்டதையெல்லாம் இரவு வெகுநேரம் சொன்னார். மறுநாள் கொடியேற்றத்தின்போது நான் நின்ற நிலை வேறாக இருந்தது. அந்தக் கொடி அங்கே வருவதற்கு முன்பு மக்கள் யோசித்தார்கள், தயங்கினார்கள், பிறகு முடிவெடுத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். சிறை சென்றவர் ஒருவர் வாழ்ந்த தெரு, தடியடி நடந்த சந்தை, கள்ளுக்கடை மறியல் நடந்த மூலை என்று ஏதாவது ஒன்று. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்து தாமிரப் பட்டயமும் வழங்கியது. அந்தப் பட்டயம் உங்கள் ஊரில் எந்த வீட்டுச் சுவரிலாவது தொங்குகிறதா என்று பிள்ளைகளையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

பதில் 3
எழுதியவர்: கரிசல் மண்

மேலே எழுதியவர்கள் இருவரும் நல்ல ஆசிரியர்களைப் பெற்றவர்கள். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வாரம் வந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிடும். மைதானத்தில் முளைத்திருக்கும் நெருஞ்சியைச் செதுக்குவது, கொடிமேடைக்கு வெள்ளையடிக்கத் தண்ணீர் சுமப்பது, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. கோடு போட்டு முடித்த பிறகு அந்தக் கோட்டின் முன்வரிசையில் நிற்பவர்கள் வேறு பிள்ளைகள். கொடிப்பாட்டுப் பாடும் குழுவிலும், மாறுவேடத்தில் நேருவாகவும் ஜான்சி ராணியாகவும் வருபவர்களிலும், தட்டில் மிட்டாய் ஏந்தி விருந்தினருக்கு நீட்டுபவர்களிலும் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் இருந்ததில்லை. இதற்கு யாரும் காரணம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாதபடி அது இயல்பாக நடந்துவந்தது. ஆகவே ‘பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்’ என்று சொல்லும்போது, எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இது பழங்கதை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகு, சில நாட்கள் கழித்து, மாவட்ட அதிகாரிகளின் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். 2022-இல், ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகும் இப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டதே என்று நான் மிகவும் வருந்தினேன். 1974-இல் முதலமைச்சருக்குக் கிடைத்த உரிமையைப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபோது, அதே கயிறு எங்கள் பக்கத்துக்கு வந்து சேர எத்தனை தாமதமாகிறது என்றே எண்ணினேன்.

எனக்கும் மகிழ்ச்சியான நினைவு ஒன்று உண்டு. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கணக்கு ஆசிரியர் ஒருவர், அந்த ஆண்டு யார் எதைச் செய்வது என்பதை வகுப்பிலேயே சீட்டுக் குலுக்கி எடுத்தார். எனக்கு விழாவைத் தொடங்கிவைக்கும் வரவேற்புரை விழுந்தது. ‘அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்’ என்று மைக்கில் சொன்னபோது என் குரல் மைதானத்தின் மறுகோடியில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்தது. மதில் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, அக்கம்பக்கத்தில் நின்றவர்களிடம் அது என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மேலாண்மைக் குழுவில் இருக்கும் நீங்கள் சீட்டுக் குலுக்குவதை ஒரு விதியாகவே எழுதிவைக்க முடியும். தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

பதில் 4
எழுதியவர்: பாட்டியின் பேத்தி

என் நினைவைவிட என் பாட்டியின் நினைவு இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர் கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1947 ஆகஸ்ட் 15 ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. வழக்கமாகவே தெருவில் மாவிலையும் கோலமுமாக இருக்கிற நாள் ஆகையால், எது அம்மனுக்குப் போட்ட கோலம், எது சுதந்திரத்துக்குப் போட்ட கோலம் என்று பிரித்தறிய முடியவில்லை என்பார். பள்ளியில் கொடியேற்றம் முடிந்து கற்கண்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கலும் வாங்கியதில் அன்றைய நாள் அவருக்கு இரட்டைத் திருநாளாகிவிட்டது.

ஆனால் வீட்டில் நிலைமை அப்படி இல்லை. பாட்டியின் அப்பா பெரியார் தொண்டர், கருஞ்சட்டை அணிந்தவர். வெள்ளையர் கையிலிருந்த அதிகாரம் மக்களுக்கு வந்து சேரவில்லை என்று கருதிய பெரியார் அந்த நாளைத் துக்க நாளாக அறிவித்திருந்தார். அதே இயக்கத்தில் இருந்த அண்ணா, அது மகிழ்ச்சிக்குரிய நாளே என்று வெளிப்படையாக மாறுபட்டு எழுதினார். அந்தக் கருத்து வேறுபாடு எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருடைய தம்பி, அதாவது பாட்டியின் சித்தப்பா, அண்ணாவின் பக்கம் நின்றவர். அவர்தான் பாட்டியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அப்பா தடுக்கவில்லை. “போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று எனக்குச் சொல்” என்று மட்டும் சொன்னாராம்.

எட்டு வயதுச் சிறுமி அதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். யார் வந்தார்கள், கொடி எவ்வளவு பெரியது, சக்கரத்தில் எத்தனை ஆரங்கள் என்பது வரை உற்றுப் பார்த்து வந்து, திண்ணையில் அமர்ந்திருந்த அப்பாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். இராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரம் வந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. அரசியல் நிர்ணய சபை அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது ஜூலை 22-இல்தான். பள்ளியில் ஏற்றியது அவசரமாகத் தைக்கப்பட்ட கொடி என்றும், ஆரங்களை மையால் வரைந்திருந்தார்கள் என்றும், அவற்றைத் தான் எண்ணிப் பார்த்தபோது கணக்குச் சரியாக வரவில்லை என்றும் பாட்டி சொல்வார். அன்றிரவு சென்னை வானொலியில் டி. கே. பட்டம்மாள் பாரதியின் பாடலைப் பாடியதைத் தெருவில் வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒரே வீட்டின் வாசலில் கூட்டமாக நின்று கேட்டிருக்கிறார்கள். விடுதலை வந்துவிட்டதாகவே பாடிவைத்த பாரதி 1921-இலேயே மறைந்துவிட்டார். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் பாட்டியின் அப்பாவும் வந்து நின்றார் என்பதைப் பாட்டி ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வார். பாட்டுக்காக வந்தாரா, பாரதிக்காக வந்தாரா, மகளைத் தேடி வந்தாரா என்று நான் கேட்டிருக்கிறேன். “வந்தார், அது போதும்” என்பதே அவர் பதில்.

வீட்டில் யாரிடமாவது திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் பாட்டிக்கு அந்த நாள் அவ்வளவு துல்லியமாக நினைவில் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. விழாவுக்கு வர முடியாத ஒருவருக்கு, வயலுக்குப் போன தாய்க்கோ படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்கோ, நடந்ததைச் சொல்லிவரும்படி உங்கள் பிள்ளைகளுக்குப் பணி கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சிறுமலை அடிவாரம்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக் குழுக் கூட்டத்தில் வாசித்தோம். கரிசல் மண் எழுதியதை வாசித்து முடித்தபோது கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு எங்கள் தலைமையாசிரியரே, கொடி மடிப்பவர் முதல் வரவேற்புரை சொல்பவர் வரை அனைவரையும் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தெடுப்பது, மைதானத்தைத் துப்புரவு செய்வதை எல்லா வகுப்புகளும் ஆசிரியர்களும் சேர்ந்தே செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். ஊர்க்கதை திரட்டும் பணியை ஏழாம், எட்டாம் வகுப்புகள் தொடங்கிவிட்டன. அன்று பகலில் கிராம சபைக் கூட்டமும் இருப்பதால், பிள்ளைகள் திரட்டியதை அங்கேயே வாசிக்க ஊராட்சித் தலைவர் இசைந்திருக்கிறார்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். விழா முடிந்ததும் சட்டையில் குத்திய காகிதக் கொடிகள் சாலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது? மேலும், ஏற்றிய கொடியை எங்கள் பள்ளியில் இரவுக் காவலர் தனியாக இறக்கிவைக்கிறார். அது முறைதானா?

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

உங்கள் குழு எடுத்த முடிவுகளைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். காகிதக் கொடிகளைத் தரையில் எறியக் கூடாது, அவற்றைச் சேகரித்துப் பொதுப் பார்வைக்கு அப்பால் கண்ணியமாக அகற்ற வேண்டும் என்பது விதி. வாயிலருகே ஒரு பெட்டி வைத்து, கொடியைத் தந்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொள்ளும்படி வரிசையை அமைத்தால் ஒன்றுகூடச் சாலைக்குப் போகாது. நான் பணிபுரிந்த பள்ளிகளில் அப்படித்தான் செய்தோம். பிளாஸ்டிக் கொடிகளை வாங்கவே வேண்டாம்.

கொடி இறக்குவதைப் பொறுத்தவரை, திறந்தவெளியில் பறக்கும் கொடியை இரவிலும் பறக்கவிடலாம் என்று 2022 ஜூலையில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். என்றாலும் பள்ளிகளில் மாலையில் இறக்கிவைப்பதே பாதுகாப்பு. காவலர் இறக்குவதில் பிழையில்லை, தனியாக இறக்குவதுதான் சிரமம். மெதுவாக இறங்கும் கொடியைத் தரையில் படாமல் ஏந்திக்கொள்ள இன்னும் இருவர் வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் உங்கள் பகுதியில் மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறையும் என்பதால், பள்ளிக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகள் இருவரைப் பெற்றோரோடு ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். மடித்த கொடியை ஈரமில்லாத துணிப்பையில் இட்டு, அடுத்த ஜனவரி 26 வரை எலி நுழையாத இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். அந்த இருவரையும் சீட்டிலேயே தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள்.